ஈர வேட்டியில் வந்த மூங்கில்

பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குப் போகிறவர் ஒன்று பக்தராக இருக்க வேண்டும், இல்லையென்றால் காலண்டர் பார்க்கும் பழக்கம் இல்லாதவராக இருக்க வேண்டும். நான் இரண்டாவது ரகம். விடிந்தும் விடியாத நேரத்தில் ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் பஸ்ஸை நிறுத்தி, "எல்லாரும் எறங்குங்க, இதுக்கு மேல வண்டி போவாது" என்று கண்டக்டர் சொன்னபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. இறங்கிய அத்தனை பேரும் மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் கையில் இருந்த மூட்டையைத் தொட்டுப் பார்த்தேன். நல்லவேளை, ஈரம் காயவில்லை.

மூட்டை என்பது என் பழைய நாலு முழ வேட்டி. அதற்குள் முந்தின நாள் மத்தியானம் வெட்டிய மூங்கில் பக்கக் கிளைகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். செங்கோட்டைப் பக்கம் எங்கள் வாழைத்தோட்டத்து ஓரத்தில் நிற்கும் ஒரே ஒரு மூங்கில் புதரிலிருந்து எடுத்தவை. அந்தப் புதரைப் பற்றிக் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. முள் கிடையாது, வளைவு கிடையாது, அடியிலிருந்து ஆளுயரம் வரை உள்ளே கூடு இல்லாமல் கெட்டியாக இருக்கும். ஆடிக்காற்றில் ஊரெல்லாம் வாழை சாய்ந்து கிடக்கும்போது, இந்தக் கழியை முட்டுக் கொடுத்த வாழை மட்டும் நிற்கும். கேட்டவர்களுக்கெல்லாம் கழி கொடுத்தேன். கன்று கொடுக்கத்தான் முடியவில்லை. கிழங்கோடு பெயர்த்து வைத்துப் பார்த்தோம், மூன்று தடவையும் அழுகிப் போயிற்று. விதைக்கும் வழியில்லை. மூங்கில் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும், பூத்ததும் செத்துப்போகும். இது இன்னும் பூக்கவில்லை.

இப்போது தோட்டத்தின் அந்த ஓரம் சாலை அகலப்படுத்தலில் போய்விட்டது. வேலையைப் பார்க்கும் சூப்பர்வைசர் நல்ல மனுஷன். "பத்து நாள் தாரேன் அண்ணாச்சி, அதுக்கு மேல என் கையில இல்ல" என்று சொல்லி, மெஷினை அடுத்த ஊர்ப் பக்கம் திருப்பிவிட்டார். அந்தப் பத்து நாளுக்குள் புதருக்கு ஒரு வாரிசு வேண்டும்.

கணுவில் தூங்குகிற மொட்டை பாட்டிலுக்குள் வைத்து எழுப்புகிற திசு வளர்ப்பு எங்கள் ஊர் வாழைக்குப் பழைய கதை. ஆனால் வயசான மூங்கில் என்றதும் கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் உள்ள ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் மட்டும் ஒரு பெண்மணி போனில் "கொண்டாங்கண்ணா, பாக்கலாம்" என்றார். ஒரு தடவையில் தேறும் என்று சொல்ல முடியாது, இரண்டாவது தடவையும் கிளை வெட்ட வேண்டியிருக்கும், அதுவரை புதர் நிற்கட்டும் என்றும் சொன்னார். இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

பொட்டலில் ஆட்டோ ஒன்றும் வரவில்லை. பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் வேங்கிக்காலுக்கு வழி கேட்டேன். அவர் காதில் என்ன விழுந்ததோ, "ஜனத்தோட அப்டியே போங்க சாமி, எல்லாம் ஒரே வழிதான்" என்றார். போனேன். துணிப் பெட்டியைக் கையில் பிடித்து, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டதும் கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்கியது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான வெறுங்கால்கள். பக்கத்தில் வந்தவர் என் செருப்பைப் பார்த்த பார்வையில் நானே கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இரண்டு மணி நேரம் நடந்த பிறகு ஒரு டீக்கடையில் மறுபடி கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் சிரித்தார். "வேங்கிக்காலா? நீங்க எறங்குன எடத்துலேர்ந்து பின்னால போயிருந்தா கிட்டக்க. இப்ப பாதி மல சுத்திட்டீங்களே. திரும்பி எதுக்க போனா இந்த ஜனத்துல மிதிபட்டுடுவீங்க. மீதியையும் சுத்திடுங்க, புண்ணியம்தான்." டீக்குக் காசு வாங்கவில்லை. வேண்டுதலாய் வந்திருக்கிற ஆளிடம் எப்படி வாங்குவதாம்.

அப்போதுதான் புரிந்தது, தலையில் ஈர மூட்டையோடு நடக்கிறவனை ஊர் எப்படிப் பார்க்கிறது என்று. வழியெல்லாம் கேள்வி. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் கேட்டார்: "இன்னா வேண்டுதல் சாமி?"

மூங்கில், மொட்டு, பாட்டில் என்று விளக்க எனக்கு மூச்சு இல்லை. "வம்சம் தழைக்கணும்" என்றேன். பொய் இல்லையே.

அவர் என் நரைத்த தலையை ஒரு முறை பார்த்தார். பிறகு தன் பாட்டிலில் இருந்த குடிதண்ணீர் முழுவதையும் மூட்டையின் மேல் ஊற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் ஊற்ற ஆரம்பித்தார்கள். ஒருவர் எலுமிச்சம்பழச் சோறு வைத்த தொன்னையை என் கையில் திணித்தார். வெயில் ஏறியும் வேட்டி காயவே இல்லை. முன்பின் தெரியாத ஒருவனின் வம்சத்துக்கு இத்தனை பேர் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று எங்கள் ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, புதுசு புதுசாய்க் கட்டிய வீடுகளுக்கு நடுவே அந்த ஆய்வுக்கூடம் இருந்தது. வெளியே பார்க்க அதுவும் ஒரு வீடுதான். போனில் பேசிய பெண்மணி வாசலுக்கு வந்தார். பெயர் ஜினமதி, நாற்பது வயதிருக்கும். கீழ்பென்னாத்தூர் பக்கத்துச் சமணக் குடும்பம். "குந்துங்கண்ணா" என்றார். எங்கள் பக்கம் அந்தச் சொல்லைச் சொன்னால் கொஞ்சம் மரியாதைக் குறைவு. இங்கே 'ங்க' சேர்ந்ததும் அது உபசாரம். உட்கார்ந்தேன்.

அவர் வேட்டியைப் பிரித்து, ஒரு கிளையை எடுத்துக் கணுவை நகத்தால் தடவிப் பார்த்தார். "ஐஸ் பெட்டியில வெச்சு எடுத்துட்டு வர்றவங்களே காய வெச்சுடுவாங்க. இது இப்ப வெட்டுன மாதிரி கீதே! யாருண்ணா தண்ணி ஊத்துனது?"

"ஊரே ஊத்துச்சும்மா" என்றேன்.

மத்தியானம் முழுக்கக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கிளையின் உறையை உரித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, குழாயடியில் அரைமணி நேரம் அலசி, மருந்தில் முக்கி, பிறகு சுத்தமான காற்று வீசும் ஒரு மேஜை முன்னால் உட்கார்ந்து கணுக்கணுவாக நறுக்கினார்கள். ஒரு பாட்டிலுக்கு ஒரு கணு. பாட்டிலின் அடியில் கடல்பாசி போல் உறைந்த ஒரு கூழ். அதில் சத்தும் சர்க்கரையும் உண்டு. எல்லாவற்றையும் முதலில் பெரிய குக்கர் மாதிரி ஒன்றில் வைத்து ஆவியில் அவித்துவிடுகிறார்கள். நாற்பது பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் 'செங்கோட்டை' என்று ரேவதி எழுதி ஒட்டினாள். அங்கே வேலை செய்யும் பெண் அவள், கல்லூரி முடித்து இரண்டு வருடம் ஆகிறதாம்.

"கன்னுச் செடின்னா சொன்ன பேச்சு கேக்கும்ணா" என்றார் ஜினமதி. "வயசான மூங்கில் நம்மள மாதிரி. பழக்கத்த விடாது. மொட்டு வந்தாலும் வேர் விடாது. அத எடுத்து எடுத்து புதுப் பாட்டில்ல மாத்திகினே இருக்கணும். கொஞ்சம் கொஞ்சமா அது வயச மறக்கும். அப்பதான் வேர் வரும்."

எனக்கு ஐம்பத்தெட்டு. என்னையும் ஒரு பாட்டிலில் வைக்க முடியுமா என்று கேட்டேன். பாட்டில் பத்தாது என்றாள் ரேவதி.

ஊருக்குப் போய்த் திரும்பினால் பஸ்ஸிலேயே இரண்டு நாள் போய்விடும். அதனால் தேரடிப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினேன். மறுநாள் காலை ஓட்டலில் இட்லிக்கு என்ன சட்னி என்றேன். "மல்லாட்ட சட்னி" என்றார் பரிமாறியவர். மல்லாந்து படுக்கிற சமாசாரம் ஏதோ என்று நினைத்து, வேண்டாம் என்றுவிட்டேன். பக்கத்து இலையில் பார்த்தால் நிலக்கடலைச் சட்னி! வெட்கத்தை விட்டுக் கேட்டு வாங்கினேன். கெட்டியாக, காரம் ஜாஸ்தியாக, அபாரமாக இருந்தது. ஒரே தமிழ்தான், ஆனாலும் பாதி நாள் இங்கே நான் காதை நம்ப முடியாது என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் ஜினமதி தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் என் காலடியில் ஒரு கடலை மூட்டை, தோளில் ஒருவருடைய தூக்கம். அவர்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். கிழங்கு வகையும் சமைப்பதில்லையாம். வேர் விட வைப்பதே வேலையாக உள்ளவர் வீட்டில் வேருக்கு அனுமதி இல்லை என்று கேலி செய்தேன். "அதான்ணா, அதைப் புடுங்கித் தின்னாம வளத்துக் குடுக்கறேன்" என்றார் அவர். கத்தரிக்காய்க் குழம்பும் முருங்கைக்கீரைப் பொரியலும் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு வாசலில் நின்றபோது, மனதில் இருந்ததைக் கேட்டேன். "பாட்டிலுக்குள்ளயே மூங்கில் பூக்குமாம்மா?"

"எப்பவாச்சும் நடக்கும். வயசு முடியற நேரத்துல எடுத்த கணுன்னா, உள்ளயே பூ விட்டுடும். அப்டி ஆச்சின்னா நம்ம கையில ஒண்ணும் இல்லண்ணா. மொத்தப் புதருக்கும் அதே வயசுதான்."

அன்று ராத்திரி அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது ஜினமதி இல்லை. கலெக்டர் ஆபீஸில் ஏதோ கூட்டமாம். ரேவதி கையுறையோடு வாசலுக்கு வந்தாள்.

"எங்க மூங்கில் எப்படி இருக்கும்மா?"

"ஏழு பாட்டில் பூத்துடுச்சு சார்" என்றாள். முகம் வாடியிருந்தது. "மீதியும் பூக்குமோ இன்னாமோ, அக்கா வந்துதான் சொல்லணும்."

அவள் உள்ளே போய்விட்டாள். நான் தெருவில் நின்றேன். பூத்துவிட்டது. புதருக்கே ஆயுள் முடிந்துவிட்டது. இனி இரண்டாவது தடவை கிளை வெட்டினால் என்ன, மூன்றாவது தடவை வெட்டினால் என்ன? அங்கே ஒரு மனுஷன் எனக்காக மெஷினை நிறுத்தி வைத்துக்கொண்டு, மேலிடத்தில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். உடனே வீட்டுக்குப் போன் போட்டேன்.

"வடிவு, எல்லாம் முடிஞ்சிட்டு. மூங்கில் பூத்துட்டாம். இனி அது நின்னு என்ன, போயி என்ன. சூப்பர்வைசர்கிட்ட மெஷினை அனுப்பச் சொல்லிரு."

"அவசரப்படாதிய" என்றாள் என் மனைவி. "அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க."

"கேக்கதுக்கு என்ன இருக்கு?" என்று கத்திவிட்டு வைத்தேன். முப்பது வருடமாக அவள் எனக்கு வைத்திருக்கும் பெயர் அவசரக்குடுக்கை. அன்றைக்கு அது பொருந்தியது போல் என்றைக்கும் பொருந்தியதில்லை.

மறுநாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஜினமதியிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று போனேன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அவர் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாண்ணா பெட்டியோட? ஊருக்கா?"

"அதான் பூத்துட்டே. இனி இருந்து என்ன செய்ய?"

"ஏழுதானே பூத்திருக்கு! எனக்குப் பாதி போயிடும்னு பயம். வயசான மூங்கில்ல ஏழோட நின்னா அதிர்ஷ்டம்ணா."

"ஏழோட நிக்குமா? ஒண்ணு பூத்தா எல்லாம் பூக்குமே."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உள்ளே போய் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கணுவைச் சுற்றி வெள்ளையாக, பஞ்சு மாதிரி பூசணம் படர்ந்திருந்தது. "இதச் சொல்றோம்ணா. ஊறுகா பூக்கும் இல்ல? அந்தப் பூ. உள்ள சர்க்கரை கீது, பூசணம் சும்மா உடுமா?"

எங்கள் ஊரிலும் ஊறுகாய் பூக்கும். ஈரக்கை பட்டால் பூத்துவிடும் என்று வடிவு என்னை ஜாடியிடமே அண்டவிடுவதில்லை. நான் நாளும் கேட்கிற வார்த்தை. மூங்கிலோடு சேர்ந்து வந்ததும் அது என் மண்டைக்கு எட்டவில்லை.

அங்கேயே நின்று போன் போட்டேன். "மெஷின் காலையிலயே வந்துட்டு" என்றாள் வடிவு. "அரைமணி நேரந்தான், வேரோட பறிச்சு லாரியில அள்ளிட்டுப் போயிட்டாவ. நான் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

படியில் உட்கார்ந்துவிட்டேன். விஷயம் தெரிந்ததும் ரேவதி அழுதாள். "என்னாலதான் சார். பூசணம்னு சொல்லியிருக்கணும்."

"உன் வாயில தப்பு இல்லம்மா, என் காதுல தப்பு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்றேன். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. நூறு பேரிடம் வழி கேட்டு மலையைச் சுற்றியவன், ஒரே ஒருவரிடம் அர்த்தம் கேட்கவில்லை.

ஜினமதி உள்ளே போனார். ஒரு தட்டைக் காலி செய்து துடைத்தார். நல்ல பாட்டில்களை மட்டும் எடுத்து அதில் தள்ளித் தள்ளி வைத்தார். "இனிமே உலகத்துலயே இது முப்பத்தி மூணுதான்" என்றார். "நானே பாத்துக்கறேன். பெட்டிய வெச்சிட்டு குந்துங்க."

அடுத்த நாள்களில் இன்னும் சில பாட்டில்கள் போயின. சில கணுக்கள் கறுத்தன. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆனாலும் ஜினமதி காலையும் மாலையும் கிராமத்திலிருந்து வந்து போனார். ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரேவதி எனக்கு நிலவரம் சொல்ல வரும்போது "பூ—" என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு "கெட்டுடுச்சு சார்" என்று முடிப்பாள். லாட்ஜ் அறையில் இருக்கப் பிடிக்காமல் ஒரு நாள் மறுபடி மலையைச் சுற்றினேன். இந்தத் தடவை தலையில் மூட்டை இல்லை. யாரும் என்ன வேண்டுதல் என்று கேட்கவில்லை. இருந்தும் அதையேதான் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

பதினோராம் நாள் ஜினமதி என்னைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். கணுவின் கக்கத்தில், அரிசி நுனி அளவுக்குப் பச்சையாக ஒன்று எட்டிப் பார்த்தது. பக்கத்துப் பாட்டிலிலும் ஒன்று. நான் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்?

"ரொம்ப சந்தோசப்படாதீங்கண்ணா" என்றார். "வேர் விடறதுக்கு மாசக்கணக்குல ஆவும். உடாமயும் போவலாம்."

கிளம்பும்போது என் வேட்டியைத் துவைத்து மடித்துக் கொடுத்தார்கள். வாழைப்பழச் சீப்பு கறுத்துப்போயிருந்தது. அதையும் நாங்கள் மூன்று பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

ஊரில் அந்த ஓரத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஜல்லி கொட்டினார்கள், தார் போட்டார்கள். கழி கேட்டு வந்தவர்களிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்தவர்களும் உண்டு. ஜினமதி மாதம் ஒரு தடவை போன் செய்வார். மாற்றி வைத்தேன், கிளைத்திருக்கிறது, வேர் இல்லை என்பார். மறுபடி மாற்றி வைத்தேன், வேர் இல்லை. நாற்பதில் தேறியது நான்கு. நான்கில் ஒன்று கறுத்தது. இன்னும் வயதை மறக்கவில்லை போலிருக்கிறது என்று நானும் வடிவும் பேசிக்கொள்வோம். இதற்கிடையில் ஓர் ஆடி வந்து போயிற்று. கடைக் கழி முட்டுக் கொடுத்த வாழைகள் படுத்துவிட்டன.

போன வாரம் காலையில் போன் வந்தது. எடுத்ததும் ஜினமதி முந்திக்கொண்டார்.

"அண்ணா, மொதல்ல இதச் சொல்லிடறேன். பூக்கல. எந்தப் பூவும் பூக்கல." ஒரு மூச்சு விட்டார். "வேர் உட்டுடுச்சு."

பின்னால் ரேவதி கத்துவது கேட்டது. "சார், மூணு பாட்டில்லயும் சார்! வெள்ள வேரு! பூசணம் இல்ல சார், வேரு!"

இந்த முறை நான் அவசரப்படவில்லை. போனை வடிவிடம் கொடுத்து, அவளையே ஒரு தடவை அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்னேன். அவள் கேட்டாள், சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செடி மண்ணுக்குப் பழக இன்னும் சில வாரம் ஆகும், அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் ஜினமதி. ஆனால் நான் முன்னதாகவே ஒரு நடை போக வேண்டும். வம்சம் தழைக்க வேண்டும் என்று சொன்னதற்காகத் தன் குடிதண்ணீர் முழுவதையும் ஊற்றிவிட்டுப் போன பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. முகமும் சரியாக நினைவில்லை. ஆனால் வேண்டுதல் பலித்துவிட்டது என்பதை அந்தப் பாதையில் நடக்கும் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சுவரில் தொங்கிய காலண்டரை எடுத்துப் பார்த்தேன். பௌர்ணமிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அன்றைக்கே போகிறோம், தண்ணீர்ப் பாட்டில் இரண்டு எடுத்து வை என்று வடிவிடம் சொன்னேன்.